லேப்டாப்பில் அப்டேட் தாமதமாகிறதா? காரணம் தெரிந்துகொள்ளுங்கள்

பக்கத்து வீட்டுத் தம்பியின் லேப்டாப்பில் விண்டோஸின் புதிய பதிப்பு வந்து மூன்று வாரம் ஆகிறது. நீங்களும் தினமும் செட்டிங்ஸ் போய் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' பொத்தானை அழுத்திப் பார்க்கிறீர்கள். ஒன்றும் வந்தபாடில்லை. "என்னடா இது, நமக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குது?" என்று எரிச்சல் வருகிறது.

இன்னொரு வீட்டில் நிலைமை நேர் எதிர். அப்டேட் தயாராக இருக்கிறது. ஆனால் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று லேப்டாப்பைத் திறந்தால், சேர்ந்து கிடந்த அப்டேட் எல்லாம் ஒன்றாக ஏறத் தொடங்குகிறது. திரையில் சதவீதம் மட்டும் ஓடுகிறது. வீட்டில் எல்லோருக்கும் பதற்றம்.

இரண்டுமே தாமதம்தான். முதல் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவதை விடவே கூடாது. எது எந்த வகை என்று தெரிந்துகொள்வது எளிது.

எல்லா அப்டேட்டும் ஒன்றல்ல

லேப்டாப்புக்கு வரும் அப்டேட்டுகளை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பாதுகாப்பு அப்டேட். இயங்குதளத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைப்பது இதன் வேலை. மைக்ரோசாப்ட் நிறுவனம் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை இதை வெளியிடுகிறது. அமெரிக்காவில் காலை நேரம் என்பதால் நமக்குச் செவ்வாய் இரவு ஆகிவிடும். புதன்கிழமை காலை லேப்டாப்பைத் திறந்ததும் அப்டேட் கேட்பதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது, வசதி அப்டேட். புதிய தோற்றம், புதிய வசதிகளுடன் ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு இது. பக்கத்து வீட்டுத் தம்பிக்கு வந்தது இதுதான். இது சில வாரம் தள்ளி வந்தாலும் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

நிறுவனம் ஏன் தாமதிக்கிறது?

பெரிய பதிப்பை எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பமாட்டார்கள். முதலில் கொஞ்சம் கணினிகளுக்கு அனுப்பி, பிரச்சினை வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படிப்படியாகக் கூட்டுவார்கள். உங்கள் லேப்டாப்பில் உள்ள ஒலி, வைஃபை, கேமரா போன்ற பாகங்களுக்கான டிரைவர் அந்தப் பதிப்போடு ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தால், சரிசெய்யும்வரை உங்களுக்கு மட்டும் நிறுத்தி வைப்பதும் உண்டு.

இந்த எச்சரிக்கை ஏன் தேவை? 2018 அக்டோபர் தொடக்கத்தில் விண்டோஸ் 10-இன் ஒரு புதிய பதிப்பு வெளியானது. அதை ஏற்றிய சிலருடைய கணினியில் சேமித்து வைத்திருந்த கோப்புகளே அழிந்துபோயின. சில நாட்களிலேயே அந்தப் பதிப்பை நிறுத்தி, சரிசெய்து, நவம்பர் மாதம்தான் மீண்டும் வெளியிட்டார்கள். தாமதமாக அப்டேட் கிடைத்தவர்கள் அன்று தப்பித்தார்கள்.

ஆகவே 'உங்கள் சாதனத்துக்குத் தயாரானதும் கிடைக்கும்' என்ற பொருளில் தகவல் வந்தால் காத்திருங்கள். யாரோ வீடியோவில் சொன்ன குறுக்குவழியை நம்பி வலுக்கட்டாயமாக ஏற்ற வேண்டாம்.

நம் பக்கத்தில் உள்ள காரணங்கள்

பாதுகாப்பு அப்டேட்டும் வரவில்லையா? அப்படியானால் காரணம் பெரும்பாலும் நம் வீட்டிலேயே இருக்கும். இந்த நான்கையும் பாருங்கள்.

* ஹாட்ஸ்பாட்: பலரும் போனிலிருந்து லேப்டாப்புக்கு இணையம் எடுக்கிறோம். டேட்டா தீர்ந்துவிடக் கூடாது என்று அந்த இணைப்பை 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று மாற்றி வைத்திருந்தால், பெரும்பாலான அப்டேட் தானாக இறங்காது. மாதம் ஒருமுறையாவது நம்பகமான வைஃபையில் இணைத்து இறக்கிக்கொள்ளுங்கள்.

* இடம் இல்லாமை: சி டிரைவ் நிரம்பியிருந்தால் அப்டேட் பாதியிலேயே நின்றுவிடும். பெரிய பதிப்புக்கு 20 ஜிபி அளவாவது காலியாக இருப்பது நல்லது. பழைய வீடியோக்களைப் பென்டிரைவுக்கு மாற்றுங்கள். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யுங்கள்.

* நிறுத்தி வைத்தது: 'பாஸ் அப்டேட்ஸ்' என்பதை எப்போதோ அழுத்தியிருப்பீர்கள். அப்படி நிறுத்தினால் பாதுகாப்பு அப்டேட்டும் சேர்ந்து நின்றுவிடும்.

* மூடி வைக்கும் பழக்கம்: வேலை முடிந்ததும் மூடியை மட்டும் மூடிவிடுகிறோம். இறங்கிய அப்டேட் ஏறி முடிய ரீஸ்டார்ட் தேவை. வாரம் ஒருமுறையாவது ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

"என் லேப்டாப்ல அப்படி என்ன இருக்கு? யார் வந்து திருடப்போறாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. 2017-இல் நடந்ததை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த ஆண்டு மார்ச் 14 அன்று விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் வெளியிட்டது. சரியாக 59 நாள் கழித்து, மே 12 அன்று, அதே ஓட்டை வழியாக 'வான்னக்ரை' என்ற தீம்பொருள் உலகம் முழுக்கப் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சிகிச்சை நேரங்கள் ரத்தாயின. அது ஆள் பார்த்துத் தேர்ந்தெடுத்துத் தாக்கவில்லை. அப்டேட் ஏற்றாத கணினி எதுவோ அதற்குள் புகுந்தது. மார்ச் மாத அப்டேட்டை உடனே ஏற்றியவர்களின் கணினிகளில் அந்த ஓட்டை அதற்குள் அடைபட்டிருந்தது.

உங்கள் லேப்டாப்பில் மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகத்தின் ஸ்கேன் எல்லாம் இருக்குமே! அவற்றை இழந்தால் மறுபடி வாங்க எத்தனை நாள் அலைய வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்டேட் இனி வரவே வராது என்றால்?

சில லேப்டாப்புகளுக்குத் தாமதம் என்ற பேச்சே இல்லை, காலக்கெடுவே முடிந்துவிட்டது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 8.1-க்கு 2023 ஜனவரி 10 அன்றும் முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. குரோம் உலாவியும் 2023 பிப்ரவரியுடன் விண்டோஸ் 7-க்குப் புதிய பதிப்பு தருவதை நிறுத்திவிட்டது. இணையச் சேவைகளின் பக்கங்கள் பழைய லேப்டாப்பில் சரியாகத் திறக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்களுக்கு உள்ள வழிகள்:

1. விண்டோஸ் 11-க்கு மாறலாமா என்று பாருங்கள். 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், ஆதரவுப் பட்டியலில் உள்ள பிராசசர் ஆகியவை வேண்டும். மைக்ரோசாப்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலி இதைச் சோதித்துச் சொல்லும்.

2. விண்டோஸ் 10 வைத்திருக்கும் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தரும் நீட்டிப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் கட்டணம் இல்லாமலே சேரலாம். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இதற்கான இணைப்பு இருக்கும்.

3. பழைய லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றலாம். உபுண்டு, மின்ட் போன்றவையும், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளமும் இலவசம். உங்களுக்குத் தேவையான மென்பொருள் அதில் இயங்குமா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எதுவும் முடியவில்லை என்றால், அந்த லேப்டாப்பைப் பாடம் படிக்க, தட்டச்சு செய்யப் பயன்படுத்துங்கள். பணப் பரிவர்த்தனையை மட்டும் அதில் செய்ய வேண்டாம்.

நேரத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள்

அப்டேட் வேலையைக் கெடுக்கிறது என்பது நியாயமான புகார்தான். அதற்கும் வழி இருக்கிறது. செட்டிங்ஸில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்ற இடத்தில் நீங்கள் வேலை செய்யும் நேரத்தைக் குறித்துவிட்டால், அந்த நேரத்தில் லேப்டாப் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. ஆன்லைன் தேர்வோ, விண்ணப்பக் கடைசி நாளோ நெருங்கினால் ஒரு வாரம் மட்டும் 'பாஸ்' செய்யுங்கள். வேலை முடிந்த அன்றே மறக்காமல் திரும்பத் தொடங்குங்கள். பெரிய பதிப்பை ஏற்றும் முன் முக்கியக் கோப்புகளுக்கு ஒரு நகல் எடுங்கள். சார்ஜரை இணைத்தே வையுங்கள்.

போலி அப்டேட், உஷார்!

உண்மையான விண்டோஸ் அப்டேட் செட்டிங்ஸ் வழியாகத்தான் வரும். இணையத்தில் உலாவும்போது "உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது, உடனே அப்டேட் செய்யவும், இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று திரை மறைத்தால் அது மோசடி. அழைக்காதீர்கள், அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அப்டேட் என்று வரும் ஏபிகே கோப்புகளும் அப்படித்தான். தவறிப்போய்ப் பணம் இழந்திருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

இன்றே இரண்டு நிமிடம் ஒதுக்கி, விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'அப்டேட் ஹிஸ்டரி'யைத் திறந்து பாருங்கள். கடைசிப் பாதுகாப்பு அப்டேட் சென்ற ஒரு மாதத்துக்குள் ஏறியிருந்தால் நிம்மதி. இல்லையென்றால், இன்று இரவு சாப்பிடப் போகும் முன் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டுப் போங்கள்.