காலை எட்டுக்கு முன், மாலை ஏழுக்குப் பின்

கடனும் குடும்பமும் – 11

சென்ற வாரம், தவணை தவறினால் அபராதமும் வட்டியும் எப்படி ஏறுகின்றன என்று பார்த்தோம். தவணை தவறிய மறுநாளே தொடங்குகிற இன்னொன்று இருக்கிறது. அது வசூல் அழைப்பு. இந்தத் தொடரைப் படித்துவிட்டு எழுதுகிறவர்களில் வட்டியைப் பற்றிக் கேட்பவர்களைவிட, ‘போன் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், என்ன செய்வது?’ என்று கேட்பவர்களே அதிகம். ஆகவே இந்த அத்தியாயம் முழுவதும் அந்த போனைப் பற்றித்தான்.

முதலில், மறுமுனையில் யார் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்வோம். தவணை நாளில் கணக்கில் பணம் இல்லாமல் ‘பவுன்ஸ்’ ஆனதும் நம் பெயர் ஒரு பட்டியலில் ஏறுகிறது. முதல் 30 நாள் ஒரு பட்டியல், 31 முதல் 60 வரை அடுத்தது, 61 முதல் 90 வரை இன்னொன்று. வசூல் அலுவலகங்களில் இவற்றை ‘பக்கெட்’ என்பார்கள். 90 நாளைத் தாண்டினால் அது வாராக்கடன். அதற்கு வங்கி தன் லாபத்திலிருந்து பணம் ஒதுக்கியாக வேண்டும். இரண்டாம், மூன்றாம் மாதங்களில் போனில் வரும் குரல் தடிப்பதற்கு இதுதான் காரணம். பேசுகிறவர் பெரும்பாலும் வங்கி ஊழியர் அல்ல. வங்கி ஒப்பந்தம் கொடுத்த ஏஜென்சியில், பட்டப்படிப்பு முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்த இளைஞராக இருப்பார். கணினியே எண்களை வரிசையாக அழைத்து அவர் காதில் இணைத்துவிடும். மாதக் கடைசிக்குள் அவர் இலக்கை முடிக்க வேண்டும். நம்மிடமிருந்து ‘இந்தத் தேதியில் கட்டுகிறேன்’ என்று ஒரு வாக்கை வாங்கிவிட்டால் அது அவர் கணக்கில் பதிவாகும். அந்தத் தேதி தவறினால் அடுத்த அழைப்பு இன்னும் கடுமையாக வரும். எனவே போனை வைத்தால் போதும் என்ற அவசரத்தில், கையில் பணம் வராத ஒரு நாளைத் தேதியாகச் சொல்லிவிடாதீர்கள்.

அந்த இளைஞர் எதையெல்லாம் செய்யக்கூடாது என்பதை ரிசர்வ் வங்கி எழுதியே வைத்திருக்கிறது. 2022 ஆகஸ்ட் 12 அன்று வெளியான சுற்றறிக்கைப்படி, வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது. விடாமல் திரும்பத் திரும்ப அழைக்கக்கூடாது. பெயர் சொல்லாமல் பேசவோ மிரட்டவோ கூடாது. பொய்யான தகவலைச் சொல்லக்கூடாது. ஊர் அறிய அவமானப்படுத்தக்கூடாது. குடும்பத்தார், நண்பர்கள், ரெஃபரன்ஸ் கொடுத்தவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடக்கூடாது. மகளிர் குழுக்கள் வாங்கும் நுண்கடனுக்கு நேரம் இன்னும் குறைவு: காலை 9 முதல் மாலை 6 வரைதான். வசூலிப்பவர் ஏஜென்சிக்காரராக இருந்தாலும் அவர் செய்கிற தவறுக்குப் பொறுப்பு, கடன் கொடுத்த வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோதான். ‘அது ஏஜென்சி செய்தது, எங்களுக்குத் தெரியாது’ என்று கிளை மேலாளர் சொன்னால் அந்தப் பதில் செல்லாது.

இந்த விதிகளில் நேரத்தைப் பற்றியதுதான் பத்திரிகைகளில் அதிகம் வந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, குடும்பத்தாரையும் ரெஃபரன்ஸையும் பற்றிய விதி. ஏன் என்று சொல்கிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் ஒரு பெண்மணி, தன் கைப்பேசியில் பதிவாகியிருந்த ஓர் அழைப்பை எனக்குப் போட்டுக் காட்டினார். பேசுகிறவன் சின்னப் பையன். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை.

“அக்கா, இன்னைக்குப் பதினோரு மணிக்குள்ள கட்டிடறேன்னு சொன்னீங்களே?”

“இல்லீங்க தம்பி, சனிக்கிழமை சம்பளம் போட்டுருவாங்க. போட்டதும் கட்டிடறனுங்க.”

“சனிக்கிழமை வரைக்கும் வெயிட் பண்ண முடியாதுக்கா. ரெஃபரன்ஸ்ல உங்க கொழுந்தனார் நம்பர் குடுத்திருக்கீங்க. அவர்கிட்டயே பேசிக்கிறேன்.”

“அய்யோ, அவருக்கு மட்டும் போட்றாதீங்க சாமி.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அந்தப் பையன் நிதானமாகச் சொல்கிறான்: “அப்ப ஒரு மணி நேரத்துல கட்டிடுங்கக்கா.”

அந்த ஒரு மணி நேரத்துக்குள் அவர் காதில் கிடந்த கம்மலைக் கழற்றி அடகுக் கடையில் வைத்துத் தவணையைக் கட்டினார். ஒரு கடனுக்குத் தவணை கட்ட இன்னொரு கடன். சனிக்கிழமைக்கு மூன்றே நாள்தான் இருந்தது. அவரிடம் வேலை இருந்தது, சம்பளமும் வரவிருந்தது, கட்டுகிற எண்ணமும் இருந்தது. கொழுந்தனாருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்தான் கம்மலைக் கழற்ற வைத்தது. சட்டம் தராத பலத்தை வசூல் ஏஜென்ட் நம் சொந்தபந்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார். மரியாதையாகப் பேசிய அந்த அழைப்பும் விதிமீறல்தான். ‘உன் உறவினரிடம் சொல்வேன்’ என்பது மிரட்டல் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். ரெஃபரன்ஸ் வேறு, ஜாமீன் வேறு. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் கடன் வாங்கியவருக்குச் சமமான பொறுப்புள்ளவர். அவரிடம் பணம் கேட்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. விண்ணப்பத்தில் பெயரும் எண்ணும் மட்டும் எழுதப்பட்ட ரெஃபரன்ஸ் ஒரு ரூபாய்கூடக் கட்டத் தேவையில்லை. உங்களை யாராவது ரெஃபரன்ஸ் என்று சொல்லி அழைத்துப் பணம் கேட்டால், ‘நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, இனி இந்த எண்ணுக்கு அழைக்க வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு, அதே நிறுவனத்துக்கு எழுத்திலும் புகார் அனுப்புங்கள்.

அடுத்தது, போலீஸ் பயம். ‘ஸ்டேஷனில் இருந்து பேசுகிறேன்’, ‘வாரண்ட் ரெடி’, ‘நாளைக்கு வீட்டை சீல் வைக்கிறோம்’ என்றெல்லாம் போனில் வரும். தவணை கட்ட முடியாமல் போவது தன்னளவில் குற்றமல்ல. அது உரிமையியல் விவகாரம். நிறுவனம் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, நிறைவேற்றக் கோர வேண்டும். வீட்டையோ நிலத்தையோ அடமானம் வைத்த கடனுக்கு வேறு சட்டவழி உண்டு. அதிலும் முதலில் எழுத்துமூலம் நோட்டீஸ் வந்தாக வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு, பணம் செலுத்தக் கோரும் தீர்ப்புக்காக ஒரு பெண்ணைக் கைது செய்யவோ சிறையில் வைக்கவோ உத்தரவிடக்கூடாது என்கிறது. 60-ஆவது பிரிவு, உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், கைத்தொழிலாளியின் கருவிகள், மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத அணிகலன் ஆகியவற்றை ஜப்தியிலிருந்து காப்பாற்றி வைத்திருக்கிறது. தாலியைக்கூட விடமாட்டோம் என்று ஒரு குரல் மிரட்டினால் அது பச்சைப் பொய்.

இதில் ஒரு விலக்கு உண்டு. அதை மறைத்தால் உங்களுக்குத் தீங்கு செய்தவனாவேன். கடனுக்காகக் கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆவது பிரிவின்படி அது குற்ற வழக்காகலாம். கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணை திரும்பினாலும், 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டம் 25-ஆவது பிரிவில் அதேபோன்ற வழி இருக்கிறது. இரண்டிலும் முதலில் எழுத்துமூலம் நோட்டீஸ் வரும். பணம் கட்ட 15 நாள் அவகாசம் கிடைக்கும். பதிவுத் தபாலை வாங்க மறுப்பது, நீதிமன்ற சம்மனைக் கண்டுகொள்ளாமல் விடுவது இரண்டும் ஆபத்து. போனில் வரும் வாரண்டுக்குப் பயப்படாதீர்கள். தபாலில் வரும் நோட்டீஸை அலட்சியப்படுத்தாதீர்கள்.

அப்படியானால் போன் வரும்போது என்ன பேசுவது? எடுக்காமலே இருப்பதும் எண்ணை மாற்றுவதும் பலருக்குத் தோன்றும் வழி. அப்படிச் செய்தால் ‘தொடர்புக்கு வரவில்லை’ என்று குறித்துக்கொண்டு ஆளை வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒரு முறை எடுத்து நிதானமாகப் பேசுங்கள். அவர் பெயர், ஏஜென்சி பெயர், எந்தக் கடன், எவ்வளவு பாக்கி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வசூலுக்கு எந்த ஏஜென்சியை நியமித்திருக்கிறோம் என்று கடன் வாங்கியவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியது வங்கியின் கடமை. நேரில் வருகிறவரிடம் அடையாள அட்டையும் அங்கீகாரக் கடிதமும் இருக்க வேண்டும். ‘என்னால் எப்போது, எவ்வளவு கட்ட முடியும் என்பதை நிறுவனத்துக்கு எழுத்தில் தருகிறேன், நீங்களும் எழுத்தில் பதில் கொடுங்கள்’ என்று சொல்லி முடித்துவிடுங்கள். உரையாடலைப் பதிவு செய்து வையுங்கள். அழைப்பு வந்த தேதி, மணி, எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். இரவு ஒன்பதரைக்கு வந்த அழைப்பின் ஸ்கிரீன்ஷாட்டைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை.

அன்றைக்கே நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ அனுப்புங்கள். வருமானம் ஏன் குறைந்தது, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று சொல்லி, தவணையை மாற்றி அமைத்துத் தரக் கேளுங்கள். கணக்கு விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். 2024 ஏப்ரல் முதல் தாமதத்துக்கு அபராதக் கட்டணம் போடலாமே தவிர, அதை வட்டியாகச் சேர்த்து அதன்மேல் வட்டி போட முடியாது. அப்படி ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. கடன் வாங்கியவர் கொடுத்த புகார் நிலுவையில் இருக்கும்போது அதைத் தீர்த்து முடிக்காமல் கணக்கை வசூல் ஏஜென்சியிடம் கொடுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுப்பவர்களுக்கு அது பொருந்தாது. நியாயமான புகாரை எழுத்தில் கொடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. இணையத்தில் முடியாதவர்கள் சண்டிகரில் செக்டார் 17-இல் உள்ள ரிசர்வ் வங்கிப் புகார் மையத்துக்குத் தபால் அனுப்பலாம். விளக்கம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

பணம் கட்டும்போதும் கவனம் வேண்டும். ஏஜென்ட்டின் சொந்த ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கடன் கணக்கிலேயே கட்டுங்கள். ‘பாதி கட்டினால் முடித்துவிடலாம்’ என்று செட்டில்மென்ட் பேசினால், நிறுவனத்தின் கடிதம் கைக்கு வந்த பிறகே பணம் கொடுங்கள். செட்டில்மென்ட்டில் முடிந்த கடன் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று நிற்கும். முழுதும் கட்டியதாகக் கருதப்படாது. நாளை வீட்டுக்கடன் கேட்கப் போகும்போது அது தடையாகும். முடிந்தவர்கள் முழுதாகக் கட்டி, பாக்கியில்லாச் சான்று வாங்கிவிடுவதே நல்லது.

ஆன்லைன் கடன் செயலிகளின் கதை தனி. 2020 கடைசியில் ஹைதராபாத்தில் போலீசார் கடன் செயலிகளின் கால் சென்டர்களைச் சோதனையிட்டபோதுதான் அவற்றின் வேலை நாட்டுக்குத் தெரிந்தது. தொடர்பு எண்கள் முழுவதையும் உருவி, எல்லோருக்கும் ஆபாசமாக மாற்றிய படங்களை அனுப்பி மிரட்டினார்கள், தற்கொலைகள் நடந்தன. 2021 ஜனவரியில் சென்னை போலீசாரும் இப்படி ஒரு கும்பலைப் பிடித்தார்கள். 2022 செப்டம்பரிலிருந்து எந்தக் கடன் செயலியும் உங்கள் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவையும் தொடக்கூடாது. அவற்றுக்கு அனுமதி கேட்கும் செயலியை அந்த நொடியே நீக்கிவிடுங்கள். படத்தைக் காட்டி மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் இன்னும் கேட்பார்கள். 1930-க்கு அழைத்து சைபர் கிரைமில் புகார் கொடுங்கள்.

மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு சட்டப்பேரவையும் ஒரு சட்டம் நிறைவேற்றியது. 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. கந்துவட்டிக்கு எதிராக 2003-இலேயே சட்டம் வந்தது. அப்படியிருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்கிரையானது. சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது. காவல் நிலையத்தில் புகாரை வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேளுங்கள்.

இதைப் படிக்கும்போது மனம் தாங்காத நிலையில் இருப்பவர்கள் 104 அல்லது 14416-க்கு அழையுங்கள். இரவானாலும் எடுப்பார்கள்.

கடன் வாங்காத வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் மைத்துனரைப் பற்றியோ, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியோ, உடன் வேலை செய்பவரைப் பற்றியோ ஒருநாள் இப்படி ஓர் அழைப்பு உங்களுக்கு வரும். ‘அவர் விவகாரத்தை அவரிடமே பேசுங்கள்’ என்று சொல்லி வைத்துவிடுங்கள். அழைப்பு வந்ததை அவரிடம் மட்டும், தனியாகச் சொல்லுங்கள். வேறு யார் காதிலும் போடாதீர்கள்.