திருவாதிரையும் வீசாவும்

காங்கேசன்துறைக் கரையில் நின்று வடக்கே நோக்கினால், கண்ணுக்குத் தோன்றாத அக்கரையில் நாகப்பட்டினம் இருக்கின்றது. இடையிலுள்ள கடல் ஏறத்தாழ 110 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கோ ஏறத்தாழ 400 கிலோமீற்றர். சேய்மையிலுள்ள நகருக்கு நினைத்த பொழுதிற் புறப்படலாம். அண்மையிலுள்ள கரையில் அடிவைக்கப் பிறர் இசைவு வேண்டும். அவ்விசைவை உரிய நாளுக்கு முன் பெறுதல் எத்தகையது என்பதை யான் கற்ற வரலாற்றையே ஈண்டுக் கூறப் புகுந்தேன்.

நம் முன்னோர் இவ்வில்லங்கம் அறியார். நல்லூர் ஆறுமுக நாவலர் அச்சியந்திரம் வாங்கும்பொருட்டு 1849 ஆம் ஆண்டிலே தமிழகஞ் சென்றார். திருவாவடுதுறை ஆதீனத்தில் 'நாவலர்' என்னும் பட்டம் பெற்றதும் அப்பயணத்திலேயாம். பின்னர் 1864 இல் சிதம்பரத்திலே பாடசாலை நிறுவினார். இன்னும் முற்காலத்தை நோக்கின், காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கங் கொள்வோர் பண்டங்களிற் புலிப்பொறி இட்டமையைப் பட்டினப்பாலை கூறுகின்றது. வந்திறங்கிய மாந்தருக்கும் பொறியிட்டனர் என்று அது கூறவில்லை. இரு நாடுகளும் விடுதலை பெற்று எல்லை வகுத்துக்கொண்ட பின்னரே கடவுச்சீட்டும் வீசாவும் நமக்கு இன்றியமையாதன ஆயின.

இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவார் உளர். கடவுச்சீட்டுத் தன் குடிமகனுக்குத் தன் நாடு வழங்குவது. வீசாவோ, செல்லும் நாடு அளிக்கும் இசைவு. இச்சொல் இலத்தீன் வழிவந்தது. 'பார்க்கப்பட்டது' என்பது அதன் முதற்பொருள். சீட்டைப் பார்த்தாயிற்று என்று எழுதுவதே அக்காலத்து இசைவு. இன்று பார்ப்பவர் கண்முன் நாம் நிற்பதுமில்லை. இலங்கையர் வீட்டிலிருந்தே கணினி வழியாக இந்தியச் சுற்றுலா வீசாவுக்கு விண்ணப்பிக்கும் வசதி 2015 ஏப்ரல் 14 முதல் உண்டு. வந்திறங்கும் நாளுக்குக் குறைந்தது நான்கு நாள் முன்னர் விண்ணப்பித்தல் வேண்டும் என்பது விதி.

என் தமக்கையார்க்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது, சனத்திரளில் அவர்தம் இளைய மகன் கைநழுவிப் போனான். அவன் உயிரோடு கிடைத்தால் சிதம்பரத்திலே மார்கழித் திருவாதிரை தொழுவேன் என்று அவ்விடத்திலேயே நேர்ந்துகொண்டார். மூன்றாம் நாள் பிள்ளை கிடைத்தான். ஆயின் போரும் வறுமையும் கடனைத் தீர்க்கவொட்டாது தடுத்தன. பலாலியிலிருந்து சென்னைக்கு வானூர்தி ஓடத் தொடங்கிய பின்னரே, "தம்பி, கால் நடக்கேக்கையே போயிட்டு வருவம்" என்றார்.

நான்கு நாள் போதுமென்று விதி கூற, யான் எட்டு நாள் முன்னர் விண்ணப்பித்துப் பெருமிதங் கொண்டேன். வீசாவும் விரைவில் வந்தது. புறப்படுதற்கு இரண்டு நாள் முன்பு அதனைத் தாளிற் பதிப்பிக்கக் கடைக்குச் சென்றேன். கடையிலிருந்த இளைஞன் என் பழைய மாணாக்கன். கடவுச்சீட்டையும் வீசாவையும் அருகருகே வைத்தவன் முகம் மாறிற்று. "ஐயா, பாஸ்போட்டிலை 'எல்' எண்டு கிடக்கு, வீசாவிலை 'ஸெட்', 'எச்' எண்டு கிடக்கு" என்றான்.

தமக்கையார் பெயரில் ஒரு ழகரம் உண்டு. கடவுச்சீட்டில் அதனை 'எல்' என்னும் ஓரெழுத்தால் எழுதியிருந்தனர். முப்பது ஆண்டு ழகரம் பயிற்றிய என் கையோ, படிவத்திலே தன்னையறியாமல் அதனைத் திருத்திவிட்டது! தமிழுக்குச் சரியானது சீட்டுக்குப் பிழையாயிற்று. மறுபடியும் விண்ணப்பிக்கலாம், ஆனால் நான்கு நாள் இடைவெளிக்குள் ஆதிரை கழிந்துவிடும். அலுவலர் எவரையும் நோவதற்கு இடமில்லை. குற்றம் முழுவதும் என்னுடையது.

தமக்கையாரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அதுக்கென்ன தம்பி, காரைநகரிலை நிக்கிறவரும் அவர்தானே" என்றார். ஈழத்துச் சிதம்பரம் எனப் போற்றப்படும் காரைநகர்ச் சிவன்கோயிலில் அவ்வாண்டு ஆதிரை தொழுதோம். ஆனால் கடன் தீர்ந்ததாக அவர் கொள்ளவில்லை என்பதை, கட்டி வைத்த பயணப்பையை அவர் அவிழ்க்காமையால் அறிந்தேன்.

பயணஞ் செய்ய எண்ணும் அன்பர்க்கு யான் கூறுவது இதுவே. விதி கூறும் நான்கு நாள் கடைசி எல்லை. அதனை உகந்த காலமெனக் கொள்ளற்க. பிழை நேர்ந்தால் இன்னொருமுறை விண்ணப்பிக்கப் போதிய நாளையும் சேர்த்தே கணக்கிடுக. கடவுச்சீட்டு வந்திறங்கும் நாளிலிருந்து ஆறு திங்களாவது செல்லுபடியாதல் வேண்டும். பெயரை நாவால் ஒலித்து எழுதாது, சீட்டைக் கண்ணாற் பார்த்து எழுத்தெழுத்தாக எழுதுக. வீசா கைக்கு வந்த அன்றே ஒத்துப்பார்க்க.

மறு ஆண்டு கார்த்திகையிலேயே அவ்வாறு செய்தேன். உரிய காலத்தில் இசைவு வந்தது. சென்னை விமான நிலையத்தில் அலுவலர் சீட்டைப் பார்த்து, தமக்கையார் பெயரை லகரத்தோடு அழைத்தார். திருத்துதற்கு வாய்திறந்தேன். தமக்கையார் என் கையை அழுத்திவிட்டு, "ஓம், நான்தான்" என்று முன்சென்றார்.