வணிகமும் நற்பெயரும்

வணிகர் ஒருவருடைய செல்வம் யாது என்று வினவினால், கடையும் கிடங்கும், அவற்றில் நிறைந்த சரக்கும், பெட்டியில் உள்ள பணமுமே என்று பலரும் விடை கூறுவர். இவை கண்ணுக்குப் புலனாகும் செல்வங்கள். இவற்றைப் பூட்டி வைக்கலாம், காவலிட்டுக் காக்கலாம். இவற்றினும் சிறந்த செல்வம் ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது, பூட்டுக்கும் அடங்காது. அதுவே நற்பெயர். பல்லாண்டு உழைப்பால் ஒருவர் ஈட்டிய பெயரை, மற்றொருவர் ஒரே நாளில், ஒரு சிறு தாளில் அச்சிட்டுக் கவர்ந்துவிடக்கூடும். இக்களவைத் தடுக்கவே சட்டம் சில உரிமைகளை வகுத்துள்ளது.

அறிவாலும் உழைப்பாலும் உண்டாக்கப்படும் இத்தகைய உடைமையை அறிவுசார் சொத்து என்பர். புதியது கண்டுபிடித்தவருக்கு உரியது காப்புரிமை. நூலும் இசையும் ஓவியமும் படைத்தவருக்கு உரியது பதிப்புரிமை. தம் சரக்கைப் பிறர் சரக்கினின்றும் பிரித்துக் காட்டும் வணிகருக்கு உரியது வணிகச் சின்னம். இந்தியாவில் காப்புரிமை 20 ஆண்டுகள் நிற்கும். நூலின் பதிப்புரிமை, ஆசிரியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் தொடரும். வணிகச் சின்னத்தின் பதிவோ, 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு வருமாயின், முடிவின்றி நிலைக்கும். எனவே, இவ்வுரிமையின் எல்லை எது என்பதை அறிதல் இன்றியமையாதது. அதனை விளக்க ஒரு வழக்கே போதும்.

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் சூழ, திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே திருவரங்கத் தீவு அமைந்துள்ளது. அத்தீவில் இரு பெருங்கோயில்கள் உள்ளன. ஒன்று அரங்கநாதர் கோயில்; மற்றொன்று திருவானைக்காவில் உள்ள சிவன் கோயில். திருவில்லிபுத்தூரில் வளர்ந்து, அரங்கநாதரையே கணவராக அடைந்தவர் ஆண்டாள் என்பது வைணவர் கொள்கை. திருவானைக்காவில் அகிலாண்டேசுவரி என்னும் பெயருடன் வீற்றிருப்பவர் அம்பாள். ஒருவர் திருமாலுக்கு உரியவர். மற்றவர் சிவபெருமானுக்கு உரியவர். அத்தீவில் வாழும் சிறு பிள்ளையும் ஆண்டாளை அம்பாள் என்று மயங்காது. ஆயினும், இவ்விரு பெயர்களால் மக்கள் மயங்கக்கூடுமா என்னும் வினா எழுந்து, இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

சென்னையில் மூக்குப்பொடி செய்து விற்ற நிறுவனம் ஒன்று, ‘ஸ்ரீ அம்பாள்’ என்னும் பெயரைத் தன் சின்னமாகப் பதிவு செய்திருந்தது. உருண்டையான உலகின்மேல் தேவி அமர்ந்திருக்கும் படமும் அதன் சீட்டில் விளங்கிற்று. பின்னர், மூக்குப்பொடி வணிகரான வேறொருவர் ‘ஸ்ரீ ஆண்டாள்’ என்னும் சின்னத்தைப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். அவருடைய சீட்டின் நடுவே ஆண்டாளின் படமும், இருபுறத்தும் பல மொழிகளில் அப்பெயரும் காணப்பட்டன. முன்னைய நிறுவனத்தார் இப்பதிவை எதிர்த்தனர். பதிவாளர் அவ்வெதிர்ப்பை ஏற்கவில்லை. உயர் நீதிமன்றமோ அவருடைய முடிவை மாற்றிற்று. இறுதியில் 1969ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கிற்று.

படம் வேறு, பொருள் வேறு, தெய்வமும் வேறு என்று விண்ணப்பித்தவர் சார்பில் வாதிடப்பட்டது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. மூக்குப்பொடி வாங்குவோர் அனைவரும் இந்துக்கள் அல்லர்; கிறித்தவரும் முசுலிம்களும் பார்சிகளும் அதனை வாங்குகின்றனர். சரக்குத் தென்னாட்டிற்கு வெளியேயும் செல்கின்றது. தமிழ் அறியாதார்க்கு அம்பாள், ஆண்டாள் என்னும் இரு சொற்களும் ஏறத்தாழ ஒரே ஓசையாகவே கேட்கும். ஆதலால், சின்னங்களின் ஒப்புமையைக் கண்ணால் மட்டுமன்றிக் காதாலும் ஆராய்தல் வேண்டும் என்று நீதிமன்றம் கூறி, ‘ஆண்டாள்’ பதிவை மறுத்தது.

இத்தீர்ப்பினின்றும் அறியத்தக்கன இரண்டு. முதலாவது, சட்டம் நோக்குவது கற்றறிந்தவரின் கூரிய அறிவை அன்று. வாங்குவோரின் எளிய நினைவையே. எவரும் இரு சீட்டுகளையும் கையிற்கொண்டு ஒப்பிட்ட பின் பொருள் வாங்குவதில்லை. எழுத்தறியாதவரும் கடைக்கு வருவர். பெயரைச் சொல்லியே கேட்பர். அவர் ஏமாறாமல் இருத்தலே சட்டத்தின் நோக்கம். இரண்டாவது, அம்பாள் என்னும் திருப்பெயர் எந்த வணிகருக்கும் உடைமை ஆகிவிடவில்லை. அப்பெயருக்கும் அந்தச் சரக்கிற்கும் மக்கள் மனத்தில் உண்டான தொடர்பே காக்கப்பட்டது.

உரிமை பெற்றவர் விழிப்புடன் இருத்தலும் வேண்டும். புதிய சின்னத்திற்கான விண்ணப்பம் அதற்குரிய இதழில் வெளியிடப்படும். வெளியான நான்கு திங்களுக்குள் எவரும் அதனை எதிர்க்கலாம். போலிச் சின்னம் கடைத்தெருவிற்கு வந்துவிட்டால், நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெறலாம். இழப்பிற்கு ஈடும் கேட்கலாம். 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டப்படி, சின்னத்தைப் போலியாகச் செய்வோருக்கு ஆறு திங்கள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கப்படலாம்.

தனி வணிகரின் பெயர் இவ்வாறு காக்கப்படும். ஓர் ஊரின் பெயரே புகழ்பெற்றதாயின் அதனைக் காப்பவர் யார்? திருச்சிராப்பள்ளிக்கு இவ்வினா புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் அவ்வூர்ச் சுருட்டு இங்கிலாந்து வரை பெயர் பெற்றிருந்தது. புகையிலை உடலுக்குக் கேடு விளைப்பது என்பது உண்மையே. ஆயினும் அப்பெயர் பெற்றிருந்த செல்வாக்கு வியக்கத்தக்கது. 1887இல் வெளியான கானன் டாயிலின் துப்பறியும் கதையில், சாம்பலைக் கண்டே திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுகொள்கிறார். அத்துணைப் புகழுடைய ஊர்ப்பெயரை அவ்வூர்த் தொழிலாளருக்கே உரியதாக்கும் சட்டம் அக்காலத்து இந்தியாவில் இல்லை.

அக்குறை பிற்காலத்தில் நீங்கிற்று. 1999இல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குரிய பதிவகம் சென்னையில் அமைந்தது. டார்சிலிங் தேயிலை முதலிற் பதிவாயிற்று. திருச்சிராப்பள்ளி மாவட்டத்து மணப்பாறை முறுக்கு 2023இல் இக்குறியீட்டைப் பெற்றது. தம் ஊர்த் தண்ணீரின் உவர்ப்பே முறுக்கின் சுவைக்குக் காரணம் என்று மணப்பாறையார் கூறுவர். அரிசி மாவைப் பிசைந்து, கையால் பிழிந்து, அடுப்பின் வெம்மையில் நின்று உழைப்போர் ஈட்டிய பெயர் அது. வேறோர் ஊரில் செய்த முறுக்கின் உறையில் அப்பெயரை அச்சிட்டால், அவர்தம் கூலியில் ஒரு பகுதி களவு போகின்றது, வாங்குவோரும் ஏமாறுகின்றனர்.

வணிகச் சின்னத்தை உடையவர் பிறருக்கு விற்கலாம். புவிசார் குறியீட்டையோ எவரும் விற்க இயலாது. அது ஊரார் அனைவர்க்கும் பொது. குறித்த எல்லைக்குள், குறித்த தரத்தில் அப்பொருளைச் செய்பவர் எவரும் பதிவு பெற்று அதனைப் பயன்படுத்தலாம்.

எனினும், சட்டத்தால் ஆகாதது ஒன்று உண்டு. பிறர் பெயரைக் கவராமல் அது தடுக்கும். பெயருக்கு உரியவரே தரத்தைக் குறைத்து அதனைக் கெடுத்துக்கொண்டால், காக்க அதனால் இயலாது. போலியைத் தடுப்பது நீதிமன்றத்தின் கடமை. பெயருக்கேற்ற பொருளைத் தருவது வணிகரின் கடமை. இவ்விரண்டும் ஒருங்கே நிகழும் நாட்டில்தான் உழைப்பவர் தம் பயனைப் பெறுவர். வாங்குபவரும் அச்சமின்றி வாங்குவர்.