வன்பொருள் சொல்லும் அடையாள எண்

ஓர் இயங்குதளத்தின் நிறுவல் தொகுப்பு எந்த நாளில் உருவாக்கப்பட்டதோ, அந்நாள்வரை அறியப்பட்டிருந்த கணினி உறுப்புகளுக்கான மென்பொருளை மட்டுமே அது சுமந்து வருகிறது. அதன்பின் தயாரான ஒரு வைஃபை அட்டையோ சேமிப்பகக் கட்டுப்பாட்டுச் சில்லோ எதிர்ப்படும்போது, அதனோடு எப்படிப் பேசுவது என்பது இயங்குதளத்துக்குத் தெரிவதில்லை. அந்தப் பேச்சை நடத்திக்கொடுக்கும் சிறு மென்பொருளைப் பாடநூல்கள் இயக்கி என்றும், அலுவலகங்களில் கணினிகளைப் பராமரிப்போர் டிரைவர் என்றும் அழைக்கின்றனர். ஒரு படத்தைத் திரையில் காட்டுமாறு இயங்குதளம் பொதுவாக இடும் கட்டளையை, குறிப்பிட்ட கிராஃபிக்ஸ் சில்லு தன் எந்த நினைவு இடத்தில் எந்த எண் எழுதப்பட்டால் அதைச் செய்யுமோ, அந்த எண்ணாக மாற்றித் தருவதே டிரைவரின் பணியாகும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றதால் அலுவலகக் கணினிகளில் புதிய இயங்குதளம் நிறுவும் தேவை கூடியுள்ள இக்காலத்தில், டிரைவர் சிக்கலின் வேரை அறிவது பயனுள்ளது.

டிரைவர் கிடைக்காத உறுப்பு பழுதானதன்று. பெயர் தெரியாத நிலையிலும் அது தன் அடையாளத்தைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. 1992இல் இன்டெல் அறிமுகப்படுத்திய பி.சி.ஐ. என்னும் இணைப்பு முறையில், ஒவ்வோர் உறுப்பும் தன்னைப் பற்றிய குறிப்புகளின் முதல் 4 பைட்டுகளில் இரண்டு எண்களை வைத்திருக்க வேண்டும் என்று வகுக்கப்பட்டது. ஒன்று தயாரிப்பாளரைக் குறிப்பது, மற்றொன்று அவர் தயாரித்த சில்லைக் குறிப்பது. இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. 1978இல் வெளிவந்த அதன் புகழ்பெற்ற செயலியின் பெயரே இன்றும் அதன் பி.சி.ஐ. சில்லுகளில் அடையாளமாக நிற்கிறது என்பது கணினி வரலாற்றின் இனிய தொடர்ச்சிகளுள் ஒன்று. ஏ.எம்.டி.யின் கிராஃபிக்ஸ் சில்லுகள் 1002 என்னும் எண்ணைத் தாங்கி வருகின்றன. யு.எஸ்.பி. கருவிகளுக்கும் இத்தகைய இரட்டை எண் உண்டு. ஒவ்வொரு விண்டோஸ் டிரைவருடனும் வரும் ஐ.என்.எஃப். என்னும் உரைக்கோப்பில் அந்த டிரைவர் எந்தெந்த எண்களுக்கு உரியது என்பது எழுதப்பட்டிருக்கும். உறுப்பு சொல்லும் எண்ணும் கோப்பில் உள்ள எண்ணும் ஒத்துப்போனால்தான் டிரைவர் பொருத்தப்படுகிறது. ஆகவே டிரைவர் தேடுவது ஊகித்துப் பார்க்கும் வேலை அன்று, எண்ணை வாசிக்கும் வேலை.

சிக்கல்களுள் மிகவும் திகைக்க வைப்பது, நிறுவல் தொடங்கும்போதே சேமிப்பகம் எதுவும் இல்லை என்று திரை அறிவிப்பதாகும். புத்தம் புதிய எஸ்.எஸ்.டி. கணினிக்குள் நலமாக இருக்க, அது கெட்டுவிட்டதாக எண்ணி மாற்றிவிடுவோரும் உண்டு. இன்டெல்லின் 11ஆம் தலைமுறைச் செயலிகள் முதல் பல கணினிகளில் எஸ்.எஸ்.டி., வி.எம்.டி. எனப்படும் இடைநிலைக் கட்டுப்பாட்டகத்தின் பின்னால் அமர்த்தப்பட்டிருப்பதும், அதற்கான டிரைவர் விண்டோஸ் 10 நிறுவல் தொகுப்பில் இல்லாததுமே இதற்குப் பெரும்பாலும் காரணம். கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த டிரைவரைப் பென் டிரைவில் எடுத்துவந்து, நிறுவல் திரையில் உள்ள ‘லோடு டிரைவர்’ பொத்தான் வழியாகக் காட்டினால் எஸ்.எஸ்.டி. உடனே தென்படும். ஆனால் தரவிறக்கிய கோப்பு தானே இயங்கும் நிரலாக இருந்தால் அதை நிறுவல் திரை ஏற்காது. வேறொரு கணினியில் அதை விரித்து, உள்ளிருக்கும் ஐ.என்.எஃப். கோப்பும் அதன் துணைக்கோப்புகளும் அடங்கிய கோப்புறையைத்தான் தர வேண்டும். பயாஸ் அமைப்பில் வி.எம்.டி.யை அணைத்துவிடுவதும் ஒரு வழியே என்றாலும், ஏற்கெனவே விண்டோஸ் நிறுவப்பட்டு இயங்கிவரும் கணினியில் இந்த அமைப்பை மாற்றினால் அது தொடங்காமல் நின்றுவிடக்கூடும் என்பதையும், இரண்டு எஸ்.எஸ்.டி.களை ஒன்றாகப் பிணைத்துத் தகவல் சேமிக்கப்பட்டிருந்தால் அத்தகவல் எட்டாமற்போகும் என்பதையும் மறக்கலாகாது.

இதே வகைச் சிக்கல் முன்பு வேறு உருவில் தோன்றியது. 2009இல் வெளிவந்த விண்டோஸ் 7இல் யு.எஸ்.பி. 3.0 கட்டுப்பாட்டகத்துக்கான டிரைவர் இல்லை. 2015இல் வந்த இன்டெல் 100 வரிசைச் சில்லுத் தொகுதியிலோ பழைய யு.எஸ்.பி. 2.0 கட்டுப்பாட்டகம் நீக்கப்பட்டிருந்தது. விளைவாக, நிறுவல் திரை தோன்றிய பின்னரும் யு.எஸ்.பி. விசைப்பலகையும் மவுசும் அசையவில்லை. வட்ட வடிவப் பழைய பி.எஸ்.2 துளை இருந்த கணினிகளில் மட்டும் விசைப்பலகையைக் கொண்டு நிறுவலைத் தொடர முடிந்தது.

அடுத்து நிற்பது வலைப்பின்னல் டிரைவர். மற்ற டிரைவர்களைப் பெற இணையம் வேண்டும், இணையத்தைப் பெற டிரைவர் வேண்டும் என்னும் இந்தப் பூட்டைத் திறக்க எளிய வழி ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிரச் செய்தால், அதற்கான டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருப்பதால் பெரும்பாலும் உடனே இணைப்பு கிடைத்துவிடும். விடுபட்ட பலவற்றை விண்டோஸ் அப்டேட் தானே கொண்டுவந்து சேர்க்கும்.

எஞ்சியவற்றை டிவைஸ் மேனேஜர் பட்டியலிடுகிறது. மஞ்சள் குறியிட்ட பெயரைத் திறந்தால் காணப்படும் பிழை எண்களுள், 28 என்பது டிரைவர் நிறுவப்படவில்லை என்பதையும், 10 என்பது உறுப்பைத் தொடங்க இயலவில்லை என்பதையும், 43 என்பது உறுப்பு தானே கோளாறு தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவைத்தது என்பதையும் குறிக்கும். 28 என்றால் தேடல் போதும். 43 என்றால் கம்பி, துளை, சில்லு ஆகியவற்றையும் ஐயுற வேண்டும். அறியாத உறுப்பாயின், அதன் ‘டீட்டெயில்ஸ்’ பக்கத்தில் ‘ஹார்டுவேர் ஐடிஸ்’ என்பதைத் தெரிவு செய்தால் மேலே சொன்ன இரட்டை எண் கண்முன் வரும். அச்சமூட்டும் பெயருடன் தோன்றும் ‘எஸ்.எம். பஸ் கண்ட்ரோலர்’ என்பதற்கு மதர்போர்டின் சில்லுத் தொகுதி டிரைவரை நிறுவுவதே தீர்வு. திரையில் எழுத்துகள் பெரிதாகத் தெரிந்து சாளரங்கள் தயங்கி நகர்ந்தால், விண்டோஸ் தன் அடிப்படைத் திரை டிரைவரைக் கொண்டு சமாளிக்கிறது என்று பொருள். ஒலி டிரைவரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லா டிரைவர்களையும் ஒரே சொடுக்கில் தருவதாகச் சொல்லும் பொதுத் தொகுப்புகளை அலுவலகக் கணினியில் நுழைய விடக் கூடாது. டிரைவர்களுள் பல இயங்குதளத்தின் கருவில், எதையும் படிக்கவும் அழிக்கவும் வல்ல அதிகாரத்துடன் இயங்குபவை. அதனால்தான் விஸ்டாவின் 64 பிட் பதிப்பு முதலே, கருவில் இயங்கும் டிரைவருக்கு டிஜிட்டல் கையொப்பம் கட்டாயமாக்கப்பட்டது. 52 என்னும் பிழை எண் அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க இயலவில்லை என்பதைச் சொல்வது. அந்தச் சோதனையை அணைத்துவிட்டு முன்செல்வது தீர்வாகாது.

லினக்ஸில் நிலைமை வேறு. பெரும்பாலான டிரைவர்கள் அதன் கருவோடு சேர்ந்தே வருவதால் தனித்தனியே தேடும் வேலை குறைவு. எனினும் பல வைஃபை அட்டைகள் தமக்குள் ஏற்றிக்கொள்ள வேண்டிய ஃபர்ம்வேர் கோப்புகள் கட்டற்ற உரிமத்தில் இல்லாததால், டெபியன் தன் நிறுவல் தொகுப்பில் அவற்றை நெடுங்காலம் சேர்க்கவில்லை. 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12இல்தான் இந்நிலை மாறியது.

ஒரே மாதிரிக் கணினிகள் பல உள்ள அலுவலகத்தில், ஒன்றைச் சீராக்கியதுமே அதன் டிரைவர்கள் அனைத்தையும் விண்டோஸிலேயே உள்ள ‘பி.என்.பி. யுடில்’ என்னும் கட்டளையால் ஒரு கோப்புறைக்குப் பிரித்தெடுத்துப் பென் டிரைவில் வைத்துக்கொண்டால், அடுத்த கணினிகளில் அதே கட்டளையால் அவற்றைச் சேர்த்துவிடலாம். அக்கோப்புறைக்குக் கணினி மாதிரியின் பெயரை மட்டும் இடுவது போதாது. ஒரே மாதிரிப் பெயரில் விற்கப்பட்ட இரு கணினிகளில் வெவ்வேறு நிறுவனங்களின் வைஃபை அட்டைகள் இருக்கக்கூடும் என்பதால், அட்டையின் இரட்டை எண்ணையும் பெயரோடு சேர்த்து எழுதிவைக்க வேண்டும்.