எண்ணே வழிகாட்டி

திருக்கோகர்ணத்து அலுவலகம் ஒன்றின் தொலைபேசிப் பொறியில் இரண்டு வெளித்தடங்கள் இருப்பதாகக் கொள்வோம். திருச்சிக்குப் பேச முதல் தடத்தில் கட்டணம் குறைவு. மற்ற ஊர்களுக்கு இரண்டாவதில் குறைவு. எதில் அனுப்புவதென்று பொறி எப்படி அறியும்?

நீங்கள் அழுத்தும் எண்ணே வழி சொல்கிறது. பொறியின் நினைவகத்தில் ஓர் அட்டவணை உண்டு:

0431 (திருச்சி) – முதல் தடம்
04322 (புதுக்கோட்டை) – குறியீட்டை நீக்கி, உள்ளூர் அழைப்பு
0 – இரண்டாம் தடம்

0431 என்னும் எண் 0-விலும்தானே தொடங்குகிறது? அங்கேதான் விதி: அதிக இலக்கங்கள் பொருந்தும் வரியே வெல்லும். சென்னைக்கு 044, மூன்றாம் இலக்கத்திலேயே பொறிக்கு விடை தெரிந்துவிடும். முதல் வரியில் சோம்பலாக 043 என்று மட்டும் பதிந்தால், கும்பகோணத்து (0435) அழைப்பும் முதல் தடத்தில் போய்ச் செலவு கூடும்.

இந்தியாவில் எஸ்.டி.டி. வசதி 1960-இல் கான்பூர்–லக்னோ இடையே தொடங்கியது. அன்று தூரம் கூடினால் கட்டணமும் கூடும். 2006-இல் நிமிடம் ஒரு ரூபாய்க்கு நாடெங்கும் பேசும் திட்டம் வந்தபின் அந்த வேறுபாடு தேய்ந்தது. விதி மட்டும் தேயவில்லை. இணையத்தில் செய்திகளுக்கு வழி காட்டும் கருவிகளும் இதையே பின்பற்றுகின்றன.

தஞ்சாவூரின் குறியீடு 04362. எத்தனையாவது இலக்கத்தில் பொறி முடிவுக்கு வரும்? சிந்தியுங்கள்!