எந்த செல்போன் நல்லது? கரண்ட் போனால் தெரியும்!

புதிதாக செல்போன் வாங்கப் போகிறேன் என்று நான்கு பேரிடம் சொல்லிப் பாருங்கள். ஐந்து பதில் வரும். ஐபோன்தான் என்பார் ஒருவர். அந்தக் காசுக்கு இரண்டு ஆண்ட்ராய்டு வாங்கலாமே என்பார் அடுத்தவர். கேமராவில் எத்தனை மெகாபிக்சல், ராம் எத்தனை ஜிபி என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கும்.

2018 தீபாவளிக்கு ஒரத்தநாடு பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்ததும் இதுதான். அந்த அக்டோபர் கடைசியில் ஐபோன் எக்ஸ்ஆர் ரூ.76,900 விலையிலும், ஒன்பிளஸ் 6டி ரூ.37,999 விலையிலும் இந்தியாவில் அறிமுகமாகியிருந்தன. சென்னையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த நான் ஒன்பிளஸ் கட்சி. சித்தப்பா மகன் ஐபோன் கட்சி. இரண்டு பேரிடமும் அந்த போன் கிடையாது என்பது வேறு விஷயம்!

ஒன்பிளஸ் 6டி-யில் ஹெட்போன் மாட்டும் ஜாக்கை எடுத்துவிட்டார்கள். ஐபோனில் அதை 2016-லேயே எடுத்தாயிற்று. "இனி அந்த ஓட்டை எதற்கு?" என்றேன். அப்பா மட்டும், "அப்ப ரேடியோ எப்படிடா கேக்குறது?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவருடைய பழைய பட்டன் போனை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு, கையில் ஒரு ஆண்ட்ராய்டு போனைக் கொடுத்துவிட்டு சென்னைக்குக் கிளம்பினேன்.

பத்தே நாள். நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்தன. செல்போன் டவர்களும் அடங்கின. சில கிராமங்களுக்கு மறுபடி கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது.

மூன்று நாள் வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. ஹாஸ்டலில் உட்கார்ந்து மாற்றி மாற்றி டயல் செய்துகொண்டிருந்தேன். நான்காம் நாள் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. பக்கத்து வீட்டு மாமாவின் பட்டன் போன். "எல்லாரும் நல்லா இருக்கோம். தோப்பு போச்சு" என்று மட்டும் சொன்னார் அப்பா. நான் வாங்கிக் கொடுத்த போன் இரண்டாம் நாள் காலையிலேயே அணைந்துவிட்டதாம். நம்பர்கள் எல்லாம் அதற்குள். என் நம்பரை அம்மா தினசரி காலண்டர் அட்டையில் எழுதி வைத்திருந்ததால் பிழைத்தோம். செய்தியும் அந்த மாமாவின் போன் ரேடியோவில்தான் கேட்டார்களாம்.

போன் ஏன் அவ்வளவு சீக்கிரம் அணைந்தது? டவர் இல்லாத இடத்தில் போன் சும்மா இருப்பதில்லை. சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். அந்த நேரத்தில் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும். இது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்த நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ரேடியோ விஷயத்துக்கு வருவோம். எப்எம் கேட்க இன்டர்நெட் வேண்டாம், சிம் கூட வேண்டாம். போனுக்குள் எப்எம் சிப் இருந்து, அது வேலை செய்யும்படி விடப்பட்டிருக்க வேண்டும். ஹெட்போன் ஒயர்தான் ஆன்டெனா. அமெரிக்காவிலும் 2017-ல் தொடர்ச்சியாகப் புயல்கள் அடித்தபோது இதே சண்டை வந்தது. ஐபோன்களில் எப்எம் வசதியைத் திறந்துவிடுங்கள் என்று அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையத் தலைவர் கேட்டார். ஐபோன் 7, 8 மாடல்களில் அந்த சிப்பே இல்லை என்று பதில் சொன்னது ஆப்பிள். நம் மத்திய அரசும் 2023-ல், எப்எம் வசதி உள்ள போன்களில் அதை முடக்கி வைக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. அப்பா கேட்டது அப்படியொன்றும் அசட்டுக் கேள்வி இல்லை!

சரி, உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போடுவோம். 5000 எம்ஏஎச் பேட்டரி உள்ள போனுக்கு ஏறக்குறைய 19 வாட்-அவர் மின்சாரம் வேண்டும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் இரண்டு முறை முழுதாக சார்ஜ் ஆகும் என்று நினைக்காதீர்கள். அதில் இருப்பது 37 வாட்-அவர். வோல்டேஜ் மாற்றத்தில் வீணாவது போக ஒன்றரை முறை வந்தாலே அதிகம். அட்டையில் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று போட்டிருப்பதைப் பாருங்கள். அதுதான் நிஜக் கணக்கு.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். சாதாரண லேப்டாப் பேட்டரியே 40, 50 வாட்-அவர் இருக்கும். திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, மற்ற புரோகிராம்களை மூடிவிட்டு, யுஎஸ்பி ஒயரில் போனைச் செருகுங்கள். அவசரத்துக்கு அதுவே பெரிய பவர் பேங்க். டெஸ்க்டாப் யுபிஎஸ்ஸிலும் செல்போன் சார்ஜரைச் செருகலாம். ஆனால் சில யுபிஎஸ்கள் லோடு குறைவாக இருந்தால் தானே அணைந்துவிடும். உங்களுடையது எப்படி என்று வெயில் அடிக்கும் நாளிலேயே மெயின் சுவிட்சை நிறுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், ஸ்மார்ட்போன் எதுவாக இருந்தாலும் சரி, கூடவே ரேடியோவும் டார்ச்சும் உள்ள ஒரு பட்டன் போன் வீட்டில் இருக்கட்டும். 4ஜி வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். ஜியோ சிம் 2ஜி போனில் வேலை செய்யாது. இரண்டு போனிலும் வேறு வேறு கம்பெனி சிம் இருந்தால் நல்லது. ஒரு கம்பெனி டவர் அடங்கினாலும் இன்னொன்று கிடைக்கலாம்.

இன்னொரு வேலை, இன்றைக்கே செய்யக்கூடியது. உங்கள் நம்பர்கள் கூகுள் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தால், கம்ப்யூட்டரில் கூகுள் கான்டாக்ட்ஸ் பக்கத்தைத் திறந்து 'எக்ஸ்போர்ட்' கொடுங்கள். வரும் சிஎஸ்வி பைலை எக்செல்லில் திறந்து, முக்கியமான இருபது நம்பர்களை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய எழுத்தில் பிரின்ட் எடுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாள் பிளாஸ்டிக் கவருக்குள், காலண்டர் அட்டைக்குப் பின்னால் தொங்குகிறது. முதல் நம்பர், பக்கத்து வீட்டு மாமாவுடையது.