மெல்லிய தகடாகும் மெக்னீசியம்

ஊர்தியின் எடை குறைந்தால் அதனை இயக்கத் தேவைப்படும் ஆற்றலும் குறையும். எனவே, உறுதி குன்றாமல் எடையைக் குறைக்கும் வழிகளைப் பொறியாளர்கள் நெடுங்காலமாகத் தேடிவருகின்றனர். பொறியியல் கட்டமைப்புகளுக்குப் பயன்படும் பொதுவான உலோகங்களுள் மிகவும் இலேசானது மெக்னீசியமே. ஒரு கன சென்டிமீட்டர் இரும்பின் நிறை 7.87 கிராம், அலுமினியத்தின் நிறை 2.70 கிராம், மெக்னீசியத்தின் நிறையோ 1.74 கிராம்தான். இது அரிய தனிமமும் அன்று; ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 1.3 கிராம் மெக்னீசியம் கரைந்துள்ளது. 1808ஆம் ஆண்டிலேயே ஹம்ப்ரி டேவி இதனைப் பிரித்தறிந்தார். ஆயினும், ஊர்திகளின் உடற்பகுதியில் மெக்னீசியத் தகட்டைக் காண்பது இன்றும் அரிதாகவே உள்ளது. இதற்கான காரணம் அவ்வுலோகத்தின் உள்ளமைப்பில் இருக்கிறது.

வளைய மறுக்கும் உலோகம்

உலோகத்தில் அணுக்கள் ஒழுங்கான அடுக்குகளாக அமைந்துள்ளன. உலோகத்தை அழுத்தும்போது இவ்வடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவதாலேயே அது உடையாமல் வடிவம் மாறுகிறது. கனசதுர அமைப்புடைய அலுமினியத்தில் அடுக்குகள் பல திசைகளில் சறுக்கும். மெக்னீசியம் அறுங்கோண அமைப்புடையது. அறை வெப்பநிலையில் அதன் அடித்தளத்திற்கு இணையான அடுக்குகள் மட்டுமே எளிதில் சறுக்குகின்றன. வெற்றிலைக் கட்டில் இலைகள் பக்கவாட்டில் எளிதாக நழுவும். ஆனால், கட்டினை மேலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் அவை நழுவுவதில்லை. மெக்னீசியத்தின் நிலையும் ஏறத்தாழ இதுவே. குளிர்ந்த நிலையில் அதனை மிகுதியாக அழுத்தினால் விளிம்புகளில் வெடிப்புகள் தோன்றுகின்றன. வெப்பநிலை ஏறத்தாழ 225 டிகிரி செல்சியஸைக் கடக்கும்போதுதான் பிற தளங்களிலும் சறுக்கல் எளிதாகிறது.

பழைய வழியும் புதிய வழியும்

மரபுவழி முறையில் உருகிய உலோகம் முதலில் தடித்த பாளமாக வார்க்கப்படும். பின்னர், அது உருளைகளுக்கிடையே பலமுறை செலுத்தப்பட்டுத் தகடாக்கப்படும். மெக்னீசியம் விரைவில் குளிர்வதால் அதனை இடையிடையே மீண்டும் சூடாக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சிறிதளவே மெலிய வைக்க முடியும். இதனால் காலமும் ஆற்றலும் மிகுதியாகச் செலவாகின்றன. தகட்டின் விலையும் உயர்கிறது.

இக்குறையைப் போக்குவது இரட்டை உருளை வார்ப்பு முறையாகும். உருகிய உலோகத்திலிருந்து நேரடியாகத் தகடு உருவாக்கும் இவ்வெண்ணத்தை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஹென்றி பெஸ்ஸெமர் முன்வைத்தார். இம்முறையில், உள்ளே நீர் ஓடிக் குளிர்விக்கும் இரண்டு எஃகு உருளைகள் எதிரெதிர்த் திசையில் சுழலும். அவற்றின் இடைவெளிக்குள் ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள உலோகக் குழம்பு குறுகிய வாய் வழியே செலுத்தப்படும். உருளைகளைத் தொட்டவுடன் அது உறையத் தொடங்கும்; வெளியேறும் முன்பே அழுத்தமும் பெறும். சில மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடு இடையறாது வெளிவரும். விரைந்து உறைவதால் படிகத் துகள்கள் நுண்ணியவாகின்றன. நுண்ணிய துகள்கள் தகட்டிற்கு உறுதி சேர்க்கின்றன.

இங்கே வேகமே உயிர்நாடி. உருளைகள் விரைந்து சுழன்றால் தகட்டின் நடுப்பகுதி உறையாமலே வெளியேறும். மெதுவாகச் சுழன்றால் உலோகம் வாயிலேயே உறைந்து வழியை அடைத்துவிடும். இறுதியாக உறையும் நடுப்பகுதியில் கலப்புத் தனிமங்கள் திரள்வதும் உண்டு. அவ்விடம் வலுவிழந்த கோடாகிறது. வார்த்த தகட்டைத் தக்க வெப்பநிலையில் சிலகாலம் வைத்திருப்பதன்மூலம் இக்குறை தணிக்கப்படுகிறது.

இவ்வாறு தகடாக்கப்படும் உலோகக்கலவைகளுள் பெயர்பெற்றது ஏ.இசட். 31 ஆகும். இதில் ஏறத்தாழ 3 விழுக்காடு அலுமினியமும் 1 விழுக்காடு துத்தநாகமும் உள்ளன. வார்த்த தகட்டைச் சூடான நிலையில் மேலும் உருட்டி மெலிதாக்குவர். பின்னர், தகட்டையும் அச்சையும் 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, வேண்டிய வடிவத்திற்கு அழுத்துவர்.

நெருப்பும் காற்றும்

உருகிய மெக்னீசியம் காற்றுப் பட்டால் தீப்பற்றும். அதன்மேல் தோன்றும் ஆக்சைடு படலம் நுண்துளைகள் உடையதாதலால் உலோகத்தைக் காப்பதில்லை. எனவே, காப்பு வாயு ஒன்றால் அதனைப் போர்த்த வேண்டும். நெடுங்காலம் இதற்குப் பயன்பட்ட சல்பர் ஹெக்சாபுளூரைடு, கார்பன் டைஆக்சைடைவிட 20,000 மடங்குக்கும் மேலாகப் புவியை வெப்பமாக்க வல்லது. ஐரோப்பிய ஒன்றியம் மெக்னீசிய அச்சு வார்ப்பில் இதன் பயன்பாட்டைத் தடைசெய்துள்ளது. மாற்று வாயுக்கள் இன்று பயன்படுத்தப்படுகின்றன.

தொழிற்சாலைகளில்

தென்கொரியாவின் போஸ்கோ நிறுவனம் சுன்சோன் நகரில் இரட்டை உருளை முறையில் மெக்னீசியத் தகடுகளை உருவாக்கியது. செருமனியின் பிரைபெர்க் நகரிலும் இத்துறை ஆய்வுகள் சிறப்புற நடைபெற்றன. 2015இல் வெளிவந்த போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் மகிழுந்தின் கூரை மெக்னீசியத்தால் ஆனது.

ஊர்தி ஓடும்போது மிச்சமாகும் எரிபொருளை மட்டும் கணக்கிட்டால் போதாது. உலோகத்தைப் பிரித்தெடுக்கச் செலவான ஆற்றலையும், வார்க்கும்போது வெளியேறிய வாயுவையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டும். இரட்டை உருளை வார்ப்பு, பாளத்தைத் திரும்பத் திரும்பச் சூடாக்கும் செலவைக் குறைத்து அக்கணக்கின் ஒரு பகுதியைச் சீராக்கியுள்ளது. எஞ்சிய பகுதிகளையும் சீராக்கும்போதுதான், இலேசான இவ்வுலோகம் உலகின் சுமையையும் உண்மையாகவே குறைக்கும்.